எடுப்பும் கொள்வும்: கொழும்பில் ஓர் ஆங்கில வினைச்சொல்

ஆங்கில பாஷையின் அகன்ற சொற்பரப்பிலிருந்து 850 சொற்களை மட்டும் பொறுக்கி, நித்திய வியவகாரங்கள் யாவற்றையும் அவற்றைக்கொண்டே நடத்திவிடலாம் என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் சி. கே. ஆக்டன் 1930இல் தமது ‘பேசிக் இங்கிலிஷ்’ திட்டத்தை வெளியிட்டபோது, வினைச்சொற்களின் தொகையை அவர் 18 என்ற அளவுக்குச் சுருக்கிக் காட்டியதே அத்திட்டத்தின் பிரதான விசேஷமாயிருந்தது. வருதல், போதல், கொடுத்தல், வைத்தல் முதலிய அடிப்படைத் தொழில்களைக் குறிக்கும் அச்சிறு கூட்டத்தில் ‘டேக்’ என்னும் சொல்லும் இடம்பிடித்திருந்தது. ஆக்டனின் சகாவான ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் பீக்கிங் நகரத்துச் சிங்குவா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்து பெற்ற அனுபவத்தைத் துணைக்கொண்டு, சீன மாணாக்கருக்கு இம்முறையிலேயே ஆங்கிலம் போதிக்கலாம் என்று பெருமுயற்சி செய்தார். 1937இல் ஜப்பானியர் சீனத்தின்மீது படையெடுத்தபோது அம்முயற்சி பாதிவழியில் தடைப்பட்டது. ஆனால் யுத்தம் குறுக்கிடாதிருந்தாலும் அத்திட்டம் ஓர் இடர்ப்பாட்டைச் சந்தித்தே தீர்ந்திருக்கும். சொற்களின் தொகையைக் குறைத்தால், எஞ்சிய சொல் ஒவ்வொன்றின் தலையிலும் ஏறும் அர்த்தபாரம் அதிகரிக்கும். களைதல், ஏமாற்றுதல், பொறுப்பேற்றல் ஆகியவற்றுக்குரிய தனித்தனி வினைகளைக் கற்கும் சிரமத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சீன மாணவன், அவற்றுக்குப் பிரதியாக ‘டேக் ஆஃப்’, ‘டேக் இன்’, ‘டேக் ஓவர்’ என்னும் கூட்டுக்களைக் கற்கவேண்டியவனானான். அவற்றின் பொருளை உறுப்புச் சொற்களிலிருந்து ஊகித்தறிய வழியேதும் இல்லை.

இச்சொல் ஆங்கிலத்துக்கே பிறவிச்சொத்து அன்று என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் இப்பொருளைத் தந்த வினை ‘நிமன்’ என்பது. ஜெர்மானியரின் ‘நேமென்’ அதன் உடன்பிறப்பு. வடகடல் தாண்டிவந்து இங்கிலாந்தின் கீழ்ப்பகுதிகளிற் குடியேறிய ஸ்கந்தினேவியர் கொண்டுவந்த ‘டாகா’ என்னும் வினை அதனை மெல்ல மெல்ல வெளியேற்றி, அதன் ஆசனத்தைத் தனதாக்கிக்கொண்டது. மரத்துப்போதலைக் குறிக்கும் ‘நம்’, துடிப்பைக் குறிக்கும் ‘நிம்பிள்’ ஆகிய இரண்டும் அப்பழைய வினையின் எச்சங்களாய் இன்றும் நிற்கின்றன. வந்தேறிய சொல்லொன்று பாஷையின் மையத்திலேயே இத்துணை உறுதியாக வேரூன்றியது அபூர்வம்.

சீனன் இச்சொல்லை எதிர்கொள்ளும்போது நேர்வது யாது? அவனுடைய பாஷையில் கையால் ஒன்றைப் பற்றியெடுப்பதற்கு ‘நா’ என்னும் வினை உண்டு. ஆங்கில வினைக்கு நேரானதென்று அவன் முதலிற் கற்பது இதனையே. ஆயின் மருந்தை அவன் ‘எடுப்பதில்லை’. ‘ச்சி யாவ்’ என்று தின்கிறான். வாகனத்தில் உட்காருகிறான். புகைப்படத்தைக் கை தட்டுவதற்குரிய வினையாற் கூறுகிறான். தொலைபேசியையோ ‘தா தியென்-ஹுவா’ என்று அடிக்கிறான். அடித்தல் என்றவுடன் நம்மவருக்கு நகைப்பு வரலாம். ஆனால் தந்தியை நாமும் அடித்தவர்களே என்பதையும், சீனரும் தந்தியை ‘தா தியென்-பாவ்’ என்று அதே வினையாலேயே அடித்தனர் என்பதையும் நினைவுகூர்ந்தால், இவ்விரு ஜாதியாரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே வழியில் நடந்திருப்பது புலனாகும்.

சீனத்தையும் தமிழையும் அருகருகே வைத்துப் பார்ப்பது கொழும்புவாசிக்குப் புதுமையான காரியமன்று. இந்நகரத்துத் தேசிய நூதனசாலையில், காலியில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கின்றது. மிங் வமிசத்துச் சக்கரவர்த்தியின் தூதனாய் வந்த கடற்றளபதி செங் ஹோ கொணர்வித்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அச்சிலையில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒருசேர வெட்டப்பட்டுள்ளன. மூன்று பகுதிகளும் காணிக்கைப் பொருள்களின் அட்டவணையில் பெரும்பாலும் ஒத்துச்செல்கின்றன. ஆயின் சீனப்பகுதி புத்தபகவானையும், தமிழ்ப்பகுதி தேவந்துறையிலே கோயில்கொண்ட தென்னாவர நாயனாரையும், பாரசீகப்பகுதி அல்லாஹ்வையும் முன்னிலைப்படுத்துகின்றன. ஆயிரம் பொன்னைத் தமிழில் எழுதியவர் கழஞ்சுக் கணக்கிலே எழுதினார். தமிழ்க் கோயிலுக்கு வரும் பொன் வேறு எவ்வாறு எழுதப்படும்? அட்டவணை ஒன்று, அதைப் பெறும் தெய்வம் மூன்று: இச்சிலையை எழுதுவித்தோர் சொல்லுக்குச் சொல் வைக்கும் வேலையைச் செய்யாமல், அவ்வம் மொழியாரின் உலகத்துக்கேற்ப எழுதுவித்தனர். பாஷை போதிப்போர் பலர் அந்த அளவு விவேகத்தை இன்னும் எட்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தமிழனிடத்து வருவோம். ‘டேக்’ என்பதற்கு எந்தப் பாலபோதினியும் முதலிற் கொடுக்கும் தமிழ்ச்சொல் ‘எடு’ என்பது. ‘எடு’ என்னும் வினையின் ஆதிப்பொருள் மேலே தூக்குதல். கோயில் எடுத்தல், விழா எடுத்தல், குரலெடுத்துப் பாடுதல், பாம்பு படமெடுத்தல் என்னும் பிரயோகங்களிலெல்லாம் அவ்வுயர்த்துதற் பொருளே மூலமாய் நிற்கின்றது. பிறகு அது கைக்கொள்ளுதலைக் குறித்துத் தத்தெடுத்தல், பெண்ணெடுத்தல் எனப் பரந்தது. பசியெடுத்தல், தாகமெடுத்தல் என உடலின் அவஸ்தைகளையும் தழுவியது. ‘எனக்குப் பசியெடுக்கிறது’ என்ற வாக்கியத்தில் எடுக்கின்ற கர்த்தா பசியேயன்றி நானல்லேன். நான் நான்காம் வேற்றுமை உருபேற்று ஒருபுறம் ஒதுங்கி நிற்கிறேன். ஆங்கிலத்தில் இத்தகைய வாக்கியத்துக்கு இடமே இல்லை. ஆகவே இரண்டு வினைகளும் ஒரு சிறு பரப்பில் மாத்திரம் ஒன்றன்மேலொன்று படிந்து, மற்றெல்லா இடங்களிலும் வெவ்வேறு திசைகளில் நீண்டு செல்கின்றன. அந்தச் சிறு பரப்பிலே பாலபோதினியை நம்பி நடந்த மாணாக்கன், அதற்கு வெளியிலும் அதே நம்பிக்கையோடு நடக்கிறான்.

கொழும்பிலே வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் தமிழர் செறிந்து வாழும் இரு பகுதிகள். ஆனால் அவற்றின் தமிழ் ஒன்றன்று. வெள்ளவத்தையில், உத்தியோகத்தின்பொருட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காலி வீதியின் இருமருங்கும் உள்ள ஒழுங்கைகளிலே தங்கியோரின் வழக்கு மேலோங்கி நிற்கிறது. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57ஆம் ஒழுங்கையில் நிலைகொண்டிருப்பதும் அப்பகுதியிலேயே. கொட்டாஞ்சேனையிலோ துறைமுகத்தை அண்டி வாழ்ந்த வணிகர், சாந்த லூசியா பேராலயத்தைச் சூழ்ந்த கத்தோலிக்கர், கொழும்புச் செட்டிமார், இந்திய வமிசாவளியினர் ஆகியோரது பேச்சுக்கள் கலந்து ஒலிக்கின்றன. இரு பகுதிகளுக்கும் பொதுவானது, வீட்டைவிட்டு வெளியே அடியெடுத்து வைத்தவுடன் செவியில் விழும் சிங்களம்.

வெள்ளவத்தைப் பேச்சிலே ‘எடு’ செய்யும் தொழில்கள் எண்ணற்றவை. சம்பளம் எடுக்கிறார்கள், கடன் எடுக்கிறார்கள், கடையிலே சாமான் எடுக்கிறார்கள், சோதனை எடுக்கிறார்கள், நண்பனுக்குக் கோல் எடுக்கிறார்கள், டொக்டரிடம் மருந்து எடுக்கிறார்கள். புறக்கோட்டைக்குப் போய்வர ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்கிறார்கள். இவற்றிற் சில தமிழகத்திலும் உண்டு, சில இல்லை. தமிழகத்தார் கடனை வாங்குவர், பரீட்சையை எழுதுவர், நேரம் ஆகும் அல்லது பிடிக்கும் என்பர். நேரத்தைப் பொறுத்தவரை ‘செல்லும்’ என்னும் பழைய வழக்கும் யாழ்ப்பாணத்தாரிடம் இருக்கவே செய்கிறது. ‘எடுக்கும்’ என்பது ஆங்கிலச் சகவாசத்தால் வலுப்பெற்றதாகத் தோன்றுகிறது. ஆகவே ‘டேக்’ சரியாகப் பொருந்தும் இடங்களுட் சில, ஆங்கிலமே முன்னர் தமிழுக்குள் விதைத்துவிட்டுப் போனவை. நித்திரையோ குளிப்போ தனிவினையாக இருக்க, ‘ரெஸ்ட் எடு’, ‘லீவு எடு’, ‘ரிஸ்க் எடு’ என்று ஆங்கிலப் பெயர்களுக்கெல்லாம் ‘எடு’வையே வாலாகக் கட்டுவதும் இவ்வகையைச் சார்ந்தது.

இடறும் இடங்களைப் பார்ப்போம். புடைவைக்கடைக்குச் சென்று சேலை ‘எடுப்பது’ இரு நாட்டுத் தமிழருக்கும் பொதுவான நாகரிகமான வழக்கு. மங்கலப் பொருளை ‘வாங்கினேன்’ என்று வியாபாரத் தொனியிற் கூற நம் பெண்டிர் விரும்புவதில்லை. அதனை அப்படியே ஆங்கிலமாக்கி, ‘புறக்கோட்டைக் கடையொன்றிலிருந்து சேலை டேக் பண்ணினேன்’ என்னும் கருத்துப்பட ஒரு மாணவி எழுதினால், இலண்டன் வாசகன் அவளைப் பொலிசாரிடம் ஒப்படைக்க எண்ணினாலும் எண்ணுவான்; விலை கொடுத்ததற்கு அவ்வாக்கியத்தில் சாட்சியம் இல்லை. மருந்து விஷயம் இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் மருந்தை ‘டேக்’ செய்வதென்றால் உட்கொள்ளுதல். வெள்ளவத்தையில் மருந்து எடுப்பதென்றால் வைத்தியரிடம் சென்று காட்டிச் சிகிச்சை பெறுதல். உட்கொள்வதற்குக் குடித்தல், போடுதல் என வேறு வினைகள் உள. ‘மருந்து எடுத்தும் குடிக்கவில்லை’ என்று தாய் மகனைக் கடிந்துகொள்வதில் முரண்பாடு எதுவுமில்லை. ஆங்கிலத்தில் அதனை ஒரே வினையால் எழுதினால் வாக்கியம் தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும்.

வகுப்பு விஷயத்தில் மயக்கம் ஆங்கிலேயரிடமே தொடங்குகிறது. தமிழில் வகுப்பு எடுப்பவர் உபாத்தியாயர். அமெரிக்க வழக்கில் அதனை ‘டேக்’ செய்பவன் மாணாக்கன். ஆங்கிலேயரோ உபாத்தியாயரையும் அவ்வினைக்குக் கர்த்தாவாக்குவதுண்டு. வெள்ளவத்தையின் ரியூசன் வகுப்பொன்றைப் பற்றி ‘அவர் அங்கே வகுப்பு எடுக்கிறார்’ என்பதை ஆங்கிலமாக்கினால், போதிப்பவரா கற்பவரா என்பது கேட்பவனின் தேசத்தைப் பொறுத்தது. சீனருக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களது ‘ஷாங் கெ’ என்னும் தொடர், வகுப்பு நடத்துபவருக்கும் அதிலிருந்து கேட்பவருக்கும் ஒன்றே. ஆசிரியனும் மாணவனும் ஒரே காரியத்தில் ஈடுபட்டிருக்கிறார்கள் என்னும் அவர்களுடைய நோக்கு எனக்குப் பெரிதும் உவப்பானது.

எல்லாவற்றினும் சுவையானது கோல் எடுத்தல். ‘இரவு எனக்குக் கோல் எடுங்கோ’ என்று வெள்ளவத்தையர் சொன்னால் ‘நீங்கள் என்னை அழையுங்கள்’ என்பது பொருள். சென்னையிலிருந்து வந்த விருந்தாளிக்கு ‘போனை எடு’ என்பது, மணியடிக்கும் கருவியைத் தூக்கி ‘ஹலோ’ சொல் என்றே பொருள்படும். எனவே அவர் மணியடிக்கும் என்று காத்திருப்பார், இவரும் காத்திருப்பார். இதே தொடரை வெள்ளவத்தையர் ஆங்கிலமாக்கி ‘டேக் எ கோல்’ என்று அழைப்பவரைக் குறித்துக் கூறுகின்றனர். பிறநாட்டு ஆங்கிலத்தில் அது அழைப்பை ஏற்பவரைக் குறிக்கும். சீனர் அடித்தலுக்கும் ஏற்றலுக்கும் ‘தா’, ‘ஜியே’ என்று தனித்தனி வினை வைத்திருப்பதால் இந்தச் சிக்கலிலிருந்து தப்பினர்.

இதனைத் தமிழரின் பிழை என்று ஒதுக்கிவிட முடியாதபடி செய்வது சிங்களம். சிங்களத்தில் ‘கன்னவா’ என்னும் வினை எடுத்தல், கொள்ளுதல், வாங்குதல் ஆகிய மூன்றையும் குறிக்கும். அவர்களும் ‘கோல் எகக் கன்னவா’ என்றே அழைக்கிறார்கள். வைத்தியரிடம் ‘பெஹெத் கன்னவா’ என்று மருந்தை எடுத்து, வீட்டுக்கு வந்து ‘பெஹெத் பொனவா’ என்று குடிக்கிறார்கள். புடைவையையும் அதே வினையாலேயே வாங்குகிறார்கள். திராவிடக் குடும்பத்ததான ஒரு பாஷையும் இந்தோ-ஆரியக் குடும்பத்ததான ஒரு பாஷையும் நெடுங்காலம் ஒரே தீவில் பழகியதன் பயனாக, வினையொன்றின் அர்த்தப் பரப்பில் இவ்வளவு நெருக்கம் ஏற்பட்டிருக்கிறது. யார் யாருக்குக் கொடுத்தார் என்று தீர்ப்புக் கூற நான் துணியேன். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் அருகருகே இருக்கும் சிங்களப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் வேறெதில் மாறுபட்டாலும் ஆங்கிலத்தில் கோல் எடுப்பதில் மாறுபடமாட்டார்கள். பிறரிடமிருந்து வேறுபட்டு இருவரும் ஒன்றுபடும் இடம் அது.

இலங்கையின் ஆங்கிலத்தைச் சாஸ்திரரீதியாக ஆராயும் முயற்சி புதிதன்று. எச். ஏ. பாசே 1948இல் இலண்டன் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்த ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. பேராதனையிலிருந்த திரு கந்தையா பிற்காலத்தில், இத்தீவின் ஆங்கிலம் பிழைகளின் தொகுதியன்று, தனக்கென்று விதிகள் கொண்ட ஒரு வழக்கு என்று வாதித்தார். ஆங்கிலத்தைக் கிராமத்து இளைஞர் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைத்ததன் சமூகத் தாற்பரியத்தைப் பற்றி அவர் 1984இல் எழுதிய கட்டுரை பிரசித்தமானது. 2007இல் மைக்கல் மெய்லர் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். இவ்வறிஞர்களின் சித்தாந்தம் பொதுவில் எனக்கு உடன்பாடே. ஆயினும் ஒரு பாகுபாடு அவசியம். கோல் எடுத்தல் தீவு முழுவதும் வழங்கிக் கேட்பவர் எவருக்கும் விளங்குவதால் அதனை வழக்கென்று ஒப்புவதே நியாயம். ‘ஹங்கர் டேக்ஸ் மீ’ என்று எழுதுவதோ வழக்காகாது. அதனை எந்த ஆங்கிலமும் ஒப்பாது. திருத்துகிற உபாத்தியாயரின் சிவப்பு மை இவ்விரண்டையும் ஒரே அழுத்தத்தோடு அடிக்கிறது. அதனால் மாணாக்கன் தேவையான இடத்தில் அச்சமின்றியும், தேவையற்ற இடத்தில் அச்சத்தோடும் எழுதுகிறான்.

தமிழ் மாணாக்கன் இடறாத இடமொன்றும் உண்டு. ‘பிரிங்’, ‘டேக்’ என்னும் இரண்டுக்குமிடையிலுள்ள திசைபேதம் பல தேசத்தாருக்குத் தொல்லை தருவது. பேசுவோனையோ கேட்போனையோ நோக்கி வருவது முன்னது, அகன்று செல்வது பின்னது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலேயே இதற்கு விதி வகுத்துவிட்டார்: தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்பது அவர் துணிபு. ‘உங்கள் வீட்டுக்கு வருகிறேன்’ என்று நாம் கூறுவதும், ஆங்கிலேயன் ‘கம்’ என்பதும் இவ்விதியின்படி ஒத்து அமைகின்றன. ‘கொண்டு வா’, ‘கொண்டு போ’ என்று திசையை இரண்டாம் வினையின்மேல் ஏற்றும் முறை சீனத்திலும் உண்டு: ‘தை லாய்’, ‘தை ச்சு’. ஆனால் அவர்கள் ஆளையும் பொருளையும் ஒரே வினையால் அழைத்துச் செல்ல, நாம் ஆளைக் கூட்டிக்கொண்டும் பொருளைக் கொண்டும் போகிறோம்.

இவற்றையெல்லாம் மாணாக்கனுக்கு எடுத்துரைக்கும் நூல் எது? ஹார்ன்பி என்னும் ஆங்கிலேயர் ஜப்பானில் ஆசிரியராயிருந்து தொகுத்து 1942இல் டோக்கியோவிலேயே முதலில் அச்சான அகராதி, 1948 முதல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக உலகெங்கும் பரவிற்று. மைக்கல் வெஸ்ட் வங்காளத்து டாக்காவிலே பள்ளிச் சிறுவரிடம் பெற்ற அனுபவத்தின்மீது தமது வாசிப்புநூல்களைக் கட்டினார். 1953இல் அவர் வெளியிட்ட ஏறக்குறைய 2000 சொற்களின் பட்டியல், ஒரு சொல்லின் பல அர்த்தங்களுள் எது எத்தனை வீதம் பயில்கிறது என்று கணக்கிட்டுக் காட்டுவது. அந்நியனுக்கு எது கடினம் என்பதைக் கீழைத்தேயத்து வகுப்பறைகளே இவ்விருவருக்கும் கற்பித்தன. சீனர் ஹார்ன்பியின் அகராதியைச் சீன விளக்கத்தோடு இருமொழிப் பதிப்பாக்கிக்கொண்டனர். தமிழில் அ. சிதம்பரநாதச் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைச் சர்வகலாசாலை 1963 முதல் 1965 வரை வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியமும், வீடுதோறும் கிடந்த லிப்கோ அகராதியும் உண்டு. இவை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருவன. வாசிப்பவனுக்கு உதவும், எழுதுபவனுக்கு அவ்வளவாக உதவா. எழுதுகிறவன் தமிழிலிருந்து அல்லவோ புறப்படுகிறான்!

தமிழிலிருந்து புறப்படும் அகராதிகள் இல்லாமற் போகவில்லை. பப்ரீஷியஸ் பாதிரியார் 1779இல் வேப்பேரியில் ஒன்றை அச்சிட்டார். யாழ்ப்பாணத்தில் நைற் பாதிரியார் தொடங்கி, உடுவிலில் நெடுங்காலம் பணிபுரிந்த அமெரிக்கராகிய வின்சுலோ நிறைவேற்றிய பேரகராதி 1862இல் சென்னையில் வெளிவந்தது. தமிழ் வினைகளை ஆங்கிலத்தால் பகுத்துப் பொருள் கூறும் இவ்வுயரிய நூல்கள் யாருக்காகச் செய்யப்பட்டன? தமிழ் கற்கவந்த வெள்ளைக்காரருக்காக. வின்சுலோவைப் புரட்டும் தமிழ்ச் சிறுவன், தான் அறிந்த சொல்லுக்கு எண்ணற்ற ஆங்கிலச் சொற்களைக் காண்பான். எதை எங்கே பிரயோகிப்பது என்ற எச்சரிக்கையைக் காணான். அந்த எச்சரிக்கை ஆங்கிலேயருக்கு வேண்டியதாயிருக்கவில்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபிறகே வாக்கிய உதாரணங்களோடும், பின்னைய பதிப்புக்களில் விரிவான இலங்கை வழக்குக்களோடும் கூடிய ஒரு தளம் நமக்குக் கிடைத்தது. அதன்மீது நின்று, ‘எடு’ என்னும் தலைச்சொல்லின் கீழ்ச் சேலைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, கோலுக்கு ஒன்று, பசிக்கு முற்றிலும் வேறொன்று என்று மாணாக்கனுக்கு வழிகாட்டும் நூலொன்றைத் தொகுப்பது கொழும்பிலே செய்யத்தக்க காரியம். ஏனெனில் சிங்களத்தையும் உடன்வைத்து ஒப்புநோக்கும் வசதி இந்நகரத்தவருக்கே உண்டு.

அவ்வாறு தொகுப்போர் எதிர்த்திசையிற் சென்ற ஒரு சொல்லையும் கவனிக்கவேண்டும். 1930இல் தோன்றிய வீரகேசரியும் 1932இல் தோன்றிய தினகரனும் வளர்த்த இலங்கைப் பத்திரிகைத் தமிழில், எந்தச் சம்பவமும் ‘நடந்தது’ என்பதைக்காட்டிலும் ‘இடம்பெற்றது’ என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. விபத்து இடம்பெறும், கூட்டம் இடம்பெறும், கொள்ளையும் இடம்பெறும். தமிழகத்தில் ஒரு பாட்டு படத்தில் இடம்பெறும், ஒருவர் பெயர் பட்டியலில் இடம்பெறும். விபத்து மட்டும் இடம்பெறாது. ஆங்கிலத்தின் ‘டேக் பிளேஸ்’ என்னும் தொடரைச் செய்தி ஆசிரியர்கள் அவசரத்தில் உறுப்புறுப்பாகப் பெயர்த்ததன் விளைவே இவ்வழக்கு என்பது என் எண்ணம். இங்கே அவர்கள் ‘எடு’வை நாடாமல் ‘பெறு’வை நாடியது அவர்களுடைய செவியுணர்வுக்குச் சான்று. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உள்ள மாணாக்கன், பத்திரிகையில் ‘காலி வீதியில் விபத்து இடம்பெற்றது’ என்று வாசித்துவிட்டு அதனை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டுக் பிளேஸ்’ என்று தயங்காமல் எழுதுகிறான். சேலையிலும் மருந்திலும் கோலிலும் அவனை இடறச்செய்த அதே வினை, தமிழ் வாக்கியத்தில் தன் சுவடேயின்றி மறைந்து நிற்கும் இவ்விடத்தில், அவனுக்கு ஒரு பிழையுமில்லாமல் வந்துவிடுகிறது.